இருபத்திரண்டு விரிப்புகள்

"மழைக்காலத்துல யாராவது கடற்கரைக்கு வருவாங்களாக்கா?" என்று தம்பி போனில் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எனக்கு லீவு கிடைக்கும்போதுதான்டா நான் வர முடியும். நான் என்ன கடலையா பார்க்க வர்றேன்?"

அக்காவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைக்கும் பிரிவு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள், தன்னைவிடப் பதினோரு வயது இளைய தம்பியை அந்த மெஷினை மிதித்தேதான் ஆளாக்கினாள். அவன் அந்த லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் வேலை செய்யும் இடத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கம்பெனியில் ஆர்டர் குறைந்து லீவு கிடைத்தது இந்த அடைமழையில்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது தம்பி இரண்டு குடைகளோடு நின்றான். ஒன்று அக்காவுக்கு. இன்னொன்றை அவள் பைக்குப் பிடித்தான். அவன் நனைந்துகொண்டே நடந்தான்.

"பைக்கு எதுக்குடா குடை?"

"உள்ள இருக்கிறது துணிதானேக்கா."

லாட்ஜ் இரண்டு மாடி, பதினான்கு அறை. மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் என்றார்கள். அன்று தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு மழைச் சுவர்தான். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண், "நீங்கதான் மடிப்போட அக்காவா?" என்று கேட்டாள். ஆளாளுக்கு அவனை மடிப்பு, மடிப்பு என்று கூப்பிட்டது அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன ஆயிற்று? அவன் துணி அறையைத் திறந்து காட்டிய பிறகுதான் மனசு ஆறியது. அலமாரியில் துண்டுகளும் தலையணை உறைகளும் கத்தியால் வெட்டி அடுக்கின மாதிரி இருந்தன. ஒரு ஓரம்கூட முன்னே நீட்டவில்லை, பின்னே போகவில்லை. இருபத்தெட்டு வருஷம் காலர் தைத்த கண் அவளுடையது. அந்தக் கண்ணுக்கே குற்றம் அகப்படவில்லை.

விருந்தாளிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, மடித்து, விரிப்பதுதான் அவன் வேலை. காய்ந்த துணியைக் கையால் தொட்டுப் பார்த்து அவன் நம்புவதில்லை. முகத்தை அதில் புதைத்து மோந்து பார்ப்பான்.

"துணிக்கு வாசனையே இருக்கக் கூடாதுக்கா. சோப்பு வாசனையும் கூடாது. ஒண்ணுமே இல்லைன்னா அதுதான் சுத்தம்."

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மழைக்காலத்திலோ மூன்று நாளானாலும் துணி நமுத்துப்போய்க் கிடக்கும். காயவைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. ஆனால் மழை தூறினாலே கரண்ட் போகிற ஊர். மெஷினின்மேல் வாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். ஒல்லியான மனிதர். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான்.

"வாங்க, மடிப்பு சார்," என்று அவர் ஆரம்பித்தார். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இருபத்திரண்டு பேர் வர்றாங்க. போன வாரம் வந்தவங்க மாதிரி இவங்களும் விரிப்பு நாறுதுன்னு ஒரே நாள்ல கிளம்பிட்டாங்கன்னு வைங்க, சனிக்கிழமை நான் கேட்டைப் பூட்டிடுவேன். மழை முடிஞ்சு திறக்கும்போது துணியை எல்லாம் டவுன்ல மெஷின் வச்சிருக்கிறவங்க பார்த்துக்குவாங்க. அப்புறம் நீங்க சிரமப்பட வேண்டியதே இல்ல."

தம்பி தலையை மட்டும் ஆட்டினான். போன வாரம் அவன் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்ததையும், மற்றவர்கள் அரை ஈரத்தோடு விரிப்பைப் போட்டதையும் வரவேற்புப் பெண்தான் பிறகு அக்காவிடம் சொன்னாள்.

"நீ ஏன்டா சொல்லலை?"

"துணி என் பொறுப்புதானேக்கா."

மறுநாள் காலை மேல்மாடி நடையில் கயிறு கட்டி இருபத்திரண்டு விரிப்புகளும் அத்தனை உறைகளும் தொங்கின. முக்கால் பங்கு காய்ந்திருந்தன. தம்பி கிளிப் வாங்கக் கடைக்குப் போனான். தனியாக நின்ற அக்கா ஒரு உறையை எடுத்து மோந்து பார்த்தாள். லேசாக ஈரநாற்றம். பிள்ளையின் வேலை போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. பையில் புது பவுடர் டப்பா ஒன்று இருந்தது. தம்பிக்கு ஒரு உதவி செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் முதல் விரிப்பிலிருந்து கடைசி உறைவரை, ஒன்றையும் விடாமல், வரிசையாகத் தூவினாள். டப்பா காலி.

தம்பி மாடிப்படியின் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா."

"என்னடா?"

"என்ன போட்ட?"

"கொஞ்சூண்டு பவுடர்டா. கமகமன்னு இருக்கட்டுமேன்னு…"

அவன் கத்தவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டான். "வாசனை போட்டாலே விருந்தாளிக்குத் தெரிஞ்சிடும்கா, எதையோ மூடி மறைக்கிறாங்கன்னு. ஈரத்துல பவுடர் பட்டா திட்டுத்திட்டா வேற ஒட்டிக்கும். மறுபடி அலசணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. வாளியை எடுத்து வந்தான். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லாத் துணியும் மறுபடி கயிற்றில் சொட்டிக்கொண்டு நின்றது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவன் துண்டுகளை மடிக்கத் தொடங்கியதும் அங்கே நிற்க அவளால் முடியவில்லை.

"சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வர்றேன்டா," என்று குடையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பேக்கரிக்குப் போனாள்.

கடையில் ஈ காக்கை இல்லை. பேக்கரிக்காரர் பின்பக்கம் அடுப்பிலிருந்து பன் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து நில்லும்மா, அங்க சாரல் அடிக்குது," என்றார். அவள் அடுப்புப் பக்கம் போய் நின்றாள். முழங்கால்வரை நனைந்திருந்த புடவை காலில் ஒட்டிக்கிடந்தது. அவர் பன்னை ஆறவைத்து, எண்ணி, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதற்குள் அந்தப் புடவை காலை விட்டு விலகியது. அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த அடுப்புக்கு மேல என்ன இருக்கு?"

"ஒரு ரூம். மாவு மூட்டை கிடக்கு. ஏன், குடி வரப் போறியா?"

"நான் இல்லண்ணே. இருபத்திரண்டு விரிப்பு."

விஷயத்தைக் கேட்டதும் அவர் தட்டை டம்மென்று வைத்தார். "ஏம்மா, இது பேக்கரியா, மொட்டை மாடியா?"

"இந்த மழையில உங்க பன்னை யாருண்ணே வாங்குறா? லாட்ஜையும் பூட்டிட்டா நீங்களும் பன்னும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

"வாய் காதுவரைக்கும் இருக்கே! யாரு நீ?"

"மடிப்போட அக்கா."

"அவனுக்கு அக்காவா? அவன் ஒன்பது வருஷமா பன் வாங்குறான், ஒன்பது வார்த்தை பேசலையே."

"அவன் பங்கையும் சேர்த்துத்தான் நான் பேசுறேன்."

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். "மூட்டையை நீங்களே நகர்த்திக்கணும். எனக்கு இடுப்பு சரியில்ல."

துணிகளைப் பெரிய பிளாஸ்டிக் தாளில் சுருட்டி, குடை பிடித்து, நான்கு நடையில் தெருவைக் கடத்தினார்கள். மேல் அறையில் நின்றால் உள்ளங்காலில் சூடு ஏறியது. நாலரை மணிக்கு விரிப்புகள் சருகு மாதிரி சலசலத்தன. தம்பி ஒன்றை எடுத்து முகத்தைப் புதைத்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"நாறுதாடா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"பன் வாசனை வருது."

அக்காவும் மோந்து பார்த்தாள். அப்போதுதான் வெந்து இறங்கிய பன். "நல்லாத்தானேடா இருக்கு?"

"நல்ல வாசனையும் வாசனைதான்கா."

ஆனால் நேரம் இல்லை. துணியை மறுபடி தாளில் சுருட்டி லாட்ஜுக்குக் கொண்டுபோனார்கள். அவன் விரிக்க விரிக்க அவள் மூலைகளைச் செருகினாள்.

ஆறு மணிக்கு வந்தவர்கள் பதினோரு ஓய்வுபெற்ற தபால்காரர்களும் அவர்கள் மனைவிமார்களும். நனைந்த கூட்டம், ஆனால் சிரித்த கூட்டம். "முப்பது வருஷம் பை சுமந்துக்கிட்டு மழையில நடந்தோம்," என்றார் மீசை நரைத்த தலைவர். "வேலை இல்லாம மழையில நடந்தா எப்படி இருக்கும்னு பார்க்க வந்திருக்கோம்." முதலாளி பல் தெரிய வரவேற்றார்.

அப்போதுதான் தம்பி முன்னே வந்தான்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். வெயில் இல்லாததால விரிப்பை எல்லாம் பேக்கரி அடுப்புக்கு மேல காயவச்சோம். துணி சுத்தம்தான். ஆனா பன் வாசனை வரும். மன்னிக்கணும்."

முதலாளியின் பல் மறைந்தது. ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறக்கிறவன் இதற்கா திறக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தலைவர் மீசையைத் தடவியபடி மாடி ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். கதவுகள் திறந்தன. கீழே மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலேயிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, இந்தத் தலையணையில படுத்தா எனக்குப் பசிக்குது!"

மாடி முழுவதும் சிரிப்பு வெடித்தது. கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு பேரும் குடை பிடித்துத் தெருவைக் கடந்தார்கள். பேக்கரிக்காரர் இடுப்பு வலியை மறந்து அடுப்புக்கும் மேஜைக்கும் ஓடினார். நான்கு நாளும் அவர்கள் காலையில் கடற்கரையில் நனைவதும், திரும்பி வந்து பன் வாங்கித் தின்பதும், படுப்பதுமாக இருந்தார்கள். ஒருவரும் கிளம்புகிற பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி துணி அறைக்கு வந்தார். "டேய் மடிப்பு, இவங்க ஆபீஸ்ல இன்னும் ரெண்டு கூட்டம் வரப் போகுதாம். பேக்கரி மேல இன்னும் எத்தனை கயிறு கட்டணும்னு பார்த்துச் சொல்லுடா." அவர் போன பிறகும் தம்பி நெற்றியைச் சுருக்கிக்கொண்டே நின்றான்.

"இப்ப என்னடா உனக்கு?"

"தரைப்பலகை இடுக்கை அடைச்சிட்டா சூடு மட்டும் ஏறும்கா. வாசனை ஏறாது."

"அடப்பாவி, அந்த வாசனைக்குத்தான்டா அவங்க தங்கினாங்க!"

"அது அவங்க நல்ல மனசு," என்றான் அவன், இடுக்கை அளக்க நூல் தேடியபடி. அக்கா தன் பையிலிருந்த தையல் டேப்பை எடுத்து நீட்டினாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டம் இல்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டர், "இந்த மழையில இங்க வந்து எங்கம்மா தங்கினீங்க? எல்லாம் பூட்டியிருக்குமே," என்றார்.

"ஒரு லாட்ஜ் திறந்திருக்கு. மழை முடியுறவரைக்கும் திறந்துதான் இருக்கும். என் தம்பி இருக்கான்."

"ஓ, தம்பியோட லாட்ஜா?"

"இல்ல," என்றாள் அக்கா, பின் சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக. "அங்க துணி துவைக்கிறான்."