இரண்டு முறை இரும்புக் கடைக்குப் போன கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதைச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்கும் பழக்கம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில், துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுவது அவர் வேலை. அங்கே இருப்பதெல்லாம் புத்தம்புதிது. அதைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மங்கலம் ரோட்டில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பிவிடுவார். கறி எடுக்கப் போகிறவர்கள் தூக்குப்போசி கொண்டுபோவதுபோல இவர் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோவார். கம்பெனிகள் கழித்துக் கட்டும் சாமான்கள் அங்கேதான் வந்து விழும்.

மாடியறை விருந்தாளிகளுக்கென்று கட்டியது. அதில் இப்போது முதுகு புடைத்த மானிட்டர்கள் குடியிருக்கின்றன. ஒரு முறை என் தம்பி அங்கே படுத்து எழுந்து வந்து, “ஏனக்கா, ராத்திரியெல்லாம் ஆரோ என்னையவே பாத்துட்டு இருக்கற மாதிரியே இருந்துச்சு” என்றான். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

அவர் சட்டத்தை மதிக்கிறவர்தான். அடுத்த முறை ஒரு கீபோர்டு வந்தபோது, உயிர் போய்விட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். அன்று முழுக்க வீட்டில் எழவு விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப்போய் அதே கடையில் போட்டுவிட்டு வந்தார். இருந்தாலும் போகும்போது அதற்கு நான் ஒரு வாய் காபி ஊற்றவில்லை என்று அவருக்கு வருத்தம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

சில மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆரன் சத்தம் விடாமல் கேட்டது.

“ஏம்புள்ள, இங்க வந்து பாரு! கெடைக்கவே கெடைக்காத சாமான். ஓடற கண்டிசன்ல இருக்குது. இதப் போயி எவனோ எடைக்குப் போட்டிருக்கறான் பாரு, கிறுக்கன்!”

ஸ்கூட்டரில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முன்பக்க மூடி கறுப்பு. அதில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிளாப்பி போடும் வாய் அதில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் துணியை எடுத்துப் பக்கவாட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் போகாமல் ஒரு சிவப்புக் கறை. ஆயுத பூசைக்கு ஒவ்வொரு வருசமும் நான் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்த இடம் அது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு சந்தோசத்தில் இருக்கிறவரிடம், அந்தக் கிறுக்கன் நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஒரு கணவனும் மனைவியும் வீடு தேடி வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கணவர் டீ-ஷர்ட்டுக்குக் காலர் பின்னும் மெஷின்களுக்கு ஃபிட்டர். முகம் சிவந்திருந்தது. அந்த அம்மா அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. எங்க வீட்டு கம்ப்யூட்டரு உங்ககிட்ட இருக்குன்னு இரும்புக் கடையில சொன்னாவ. நான் இல்லாத நேரம் இவ எடைக்குப் போட்டுட்டா. அதே கடையில செத்துக் கெடந்தத வாங்கி, போர்டு மாத்தி, மூடி மாத்தி உசுரு குடுத்தது நானு.”

“அதெப்படிங்க?” என் வீட்டுக்காரர் பணிவாகத்தான் கேட்டார். ஆனால் மாடிப்படியை மறித்து நின்றுகொண்டார். “கடைல போட்டதுக்கு அப்பறம் ஆரு வேணும்னாலும் வாங்கலாமுங்களே. இப்ப அது எங்குளுதுங்க.”

“வித்தது நானில்லையே அண்ணாச்சி!”

பேச்சு தடிக்கத் தொடங்கியது. இதற்குமேல் சும்மா இருக்கக் கூடாதென்று எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கறையைக் காட்டினேன்.

“இந்தப் பொட்டு நான் வெச்சதுங்க. மொதல்ல எடைக்குப் போட்டதே எங்கூட்டுக்காரர்தானுங்க.”

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “அடக் கெரகமே!” என்றார்.

ஃபிட்டர் அந்தக் கறையைத் தடவினார். “மண்ணெண்ணெ போட்டுத் தேச்சும் போவல்ல. என்ன கறைன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டுக் கெடந்தேன்.”

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு நான். ஆண்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் ஃபிட்டர் தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே துணியில் சுற்றிய பிளாப்பிகள். காலருக்கு டிசைன் போடும் பழைய சாப்ட்வேராம். புது கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாதாம்.

“திருப்பூருக்கு வந்த புதுசுல இதுலதான் தொழில் படிச்சேன். கம்பெனில தூக்கிப் போட்டப்போ கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்” என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை.

அந்த இயந்திரம் கறகறவென்று சத்தம் போட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர்களோ கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கறுப்புத் திரையில் கோடு கோடாக ஒரு காலர் கீழிருந்து மேலாக வளர்ந்தது. இருவரும் கையைத் தட்டினார்கள். அப்படி என்ன அதில் இருக்கிறதென்று அதுவரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா என் காதருகே, “ரெண்டு நாளா சரியா சாப்பிடல்லக்கா. இன்னைக்குத்தான் மூஞ்சில சிரிப்பு வருது” என்றார்.

கம்ப்யூட்டர் யாருக்கு என்று அதற்கப்புறம் பேச்சே எழவில்லை. பிளாப்பி டப்பாவும் இங்கேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே இரும்புக் கடைக்குப் போனார்கள்.

போன ஆடியில் சாமளாபுரத்திலிருந்து எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கும் ஒருவர், இரும்புக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அவருடைய மெஷினில் டிசைனை பிளாப்பியில் மட்டுந்தான் ஏற்ற முடியுமாம். பிளாப்பி போடும் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் வேலை நிற்கிறதாம்.

“என்ன வெலையா இருந்தாலும் சொல்லுங்க” என்றார்.

எடைக்குப் போகும் சாமானுக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு கிராக்கி வந்து நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஃபிட்டரும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேரும் மாடிக்குப் போய்க் கலந்து பேசினார்கள். இறங்கி வந்து, விற்பதற்கில்லை, வேலை முடியும்வரை இரவலாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். காசு வேண்டாம். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவர் கும்பிட்டுவிட்டு எடுத்துப்போனார். பாவம், கடைசி நிபந்தனையை அவர் சரியாகக் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

போன வாரம் அந்த எம்ப்ராய்டரிக்காரர் எனக்கு போன் செய்தார்.

“ஏனுங்கக்கா, பொதங்கெழம உங்கூட்டுக்காரர் வர்றாருங்க. வெள்ளிக்கெழம அந்த அண்ணாச்சி வர்றாருங்க. தூசி படுதா, சூடாகுதான்னு கேக்கறாங்க. டீ வாங்கிக் குடுத்து மாளலீங்க.”

“கட்டிக்குடுத்த புள்ளையப் பாக்க வராமயா இருப்பாங்க? பொறுத்துக்குங்க” என்றேன்.

“அதுகோட பரவால்லீங்க. எங்க மூலைல கெடந்த பழைய பிரிண்டரக் கேட்டாங்கன்னு குடுத்துட்டனுங்க. இப்ப அதுல இருந்த ஒரு கேபிள் வேணும். உங்கூட்லதான இருக்குது?”

மாடிக்குப் போய்த் தேடினேன். இல்லை. என் சட்டத்துக்குப் பயந்து வேறெங்கோ வைத்திருக்க வேண்டும். ஃபிட்டர் வீட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

“இங்கதான் இருக்குக்கா” என்றார் அவர், பெருமூச்சோடு. “கட்டிலுக்கு அடியில, எம் பழைய சேலயப் போட்டு மூடி வச்சிருக்காவ.”