வராதவள் முறை

கிழக்குக் கடைசித் தெருவில் பெருமாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தண்ணிக்காரர் என்றால்தான் தெரியும். மாகறலில் பிறந்து, சிட்டம்மாளைக் கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்தவர். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, நீளச் சாவியை உள்ளே விட்டு வால்வைத் திருகுவது அவர் வேலை. திருகினால் தெரு நடுவில் இருக்கிற ஒரே குழாய் முதலில் இருமும், பிறகு துருவைத் துப்பும், அப்புறம்தான் தண்ணீர் விடும். பதினாறு வருஷமாக அதே வேலை. ஒரு டீயை வாங்கிக் குடித்துவிட்டு யாருக்கும் அரைக்குடம் கூடுதலாக விட்டவர் இல்லை. அவ்வளவு நேர்மை. அந்த நேர்மைதான் அவர் வீட்டு விளக்கை அணைத்தது.

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றியபோது பெரிய ஏரி பாளம் பாளமாக வெடித்து, நடுவில் மாடு மேய்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், கரண்ட் வருகிற உச்சிப்பொழுதில், ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். குடத்தாலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சண்டையை நிறுத்தப் பெருமாள் ஒரு ஏற்பாடு செய்தார். தெருவில் பத்தொன்பது வீடு. வீட்டுக்கு ஒரு கல். அவரவர் கல்லை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். முறை வரும்போது கல்லுக்குப் பக்கத்தில் குடத்தோடு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கல் கடைசிக்குப் போகும். ஒருவர் வைத்தது செங்கல், இன்னொருவர் வைத்தது சுண்ணாம்புக் கோடு போட்ட கருங்கல். சிட்டம்மாளுடையது உடைந்துபோன அம்மிக் குழவியின் பாதி. கறுப்பு, வழவழப்பு. இருட்டில் தடவினாலும் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்தக் குழவிக்கல்லின் முறை வந்தது. ஆள் இல்லை. பெருமாள் சுற்றிலும் பார்த்தார். எல்லாக் கண்ணும் அவர் மேல்தான். தண்ணிக்காரன் பெண்டாட்டிக்குத் தனிச் சட்டமா என்று நாளைக்குக் கேட்பார்களே! காலால் கல்லை நகர்த்திக் கடைசிக்குத் தள்ளினார். தள்ளி முடிக்கவும் சிட்டம்மாள் ஓடிவரவும் சரியாக இருந்தது.

"இன்னாய்யா இது? பக்கத்து வூட்டு எல்லம்மா மாமியாளுக்கு ஜொரம், வாயில ரெண்டு மடக்கு கஞ்சி ஊத்திட்டு வரேன். அதுக்குள்ள தள்ளிட்டியா?"

"மொறைன்னா மொறைதான்."

"வூட்டுல ஒரு சொட்டு இல்லய்யா."

"கடைசில நில்லு. வரும்."

வரவில்லை. நாலு கல் மிச்சம் இருக்கும்போதே குழாய் இருமி நின்றுவிட்டது. சிட்டம்மாள் பித்தளைக் குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பாழுங்கிணற்றுக்குப் போனாள். அடியில் கொட்டாங்கச்சியால் சுரண்டினால் கொஞ்சம் ஊறும். இறங்கினாள். கிணற்றில் கெட்ட காற்று அடைந்திருந்தது. அவளை மேலே தூக்கி வந்தபோது குடத்தில் அரைக்குடம் சேறு இருந்தது. பெருமாள் அந்தக் குடத்தைக் கழுவி வீட்டு மூலையில் கவிழ்த்து வைத்தார். மறுபடி நிமிர்த்தவே இல்லை.

கார்த்திகையில் கொட்டின மழையில் ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடியது. தெரு ஜனம் கல்லையெல்லாம் சாக்கடையோரம் எறிந்தது. குழாயின் கைப்பிடி உடைந்து போனது, யாரும் கவலைப்படவில்லை. எல்லம்மாள் குழாயடியில் எருமையைக் குளிப்பாட்டினாள். மாட்டுவண்டிக்கார முனியன் சக்கரத்துச் சேற்றைக் கழுவிவிட்டு, அடைக்காமலே போனான். பெருமாள் பின்னாலேயே போய்க் குழாய் வாயில் துணியைச் சுற்றி அடைப்பார்.

"இன்னாண்ணே, ஏரியே வழிஞ்சிக்கினு கீது, நீ சொட்டு எண்ணிக்கினு நிக்கிற!" என்று சிரித்தாள் எல்லம்மாள்.

"ஏரித் தண்ணி பயிருக்கும்மா. நம்ம குடிக்கிறது மேக்கால கீற பாறைக்கெணறு. அதுல ஊத்து எறும்பு ஊர்ற மாதிரி ஊறும். நாம எருமை கணக்கா குடிச்சா இன்னாத்துக்கு ஆவும்?"

"என் எருமையை ஏன் இழுக்கிற? அது பாட்டுக்கு நிக்குது."

பெருமாள் முடிச்சுப் போட்ட கயிற்றைத் தினமும் பாறைக்கிணற்றில் விட்டுப் பார்த்தார். மழை நின்றபோது பன்னிரண்டு முடிச்சு நனைந்தது. தை பிறக்கும்போது எட்டு. இப்படியே போனால் மாசி தாண்டாது. மறுபடி கல் வரிசை, மறுபடி யாராவது கயிற்றோடு பாழுங்கிணற்றுக்கு. அந்த நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. சொன்னால் கேட்பவர்தான் இல்லை.

தை ஐந்தாம் நாள் உச்சிப்பொழுது. தெருவில் நாய்கூட இல்லை. வால்வைத் திறந்துவிட்டுக் குழாயடிக்கு வந்தவர் நின்றுவிட்டார். பத்தொன்பது கல்லும் வரிசையாக இருந்தன. பழைய வரிசை, ஒரு கல் மாறவில்லை. கடைசியில் குழவிக்கல்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அத்தனையையும் வாரிச் சாக்கடையோரம் போட்டார். மறுநாள் உச்சியில் திரும்ப இருந்தன. குழவிக்கல் மட்டும் கடைசிக்கு முந்தின இடத்தில். அதற்கு மறுநாள் இன்னும் ஒரு இடம் முன்னால். நாளுக்கு ஓர் இடம், பிசகாமல்.

தெருவில் பெருமாளைத்தான் சந்தேகப்பட்டார்கள். "பொண்டாட்டி போன துக்கத்துல மண்டை கொயம்பிப் போச்சி, பாவம்" என்று முனியன் காது படவே சொன்னான். எல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் குழவிக்கல்லை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டாள். மழைத் தண்ணீர் கிணறு முட்ட நின்றது. கல் முழுகினதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் உச்சியில் எல்லம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். வரிசையில் கல் இருந்தது, ஒன்பதாவது இடத்தில். மற்றக் கல்லெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்க, அது மட்டும் ஈரமாக. மேலே பச்சைப் பாசி. கல்லிலிருந்து கோடாக ஓர் ஈரம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

எல்லம்மாள் பெருமாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, என் மாமியாளுக்குக் கஞ்சி குடுக்கப் போயித்தானே அவ மொறை போச்சி? அது மொத எடத்துக்கு வந்தா இன்னாண்ணே ஆவும்?"

"மொறையைக் கேக்கும்" என்றார் பெருமாள். "அன்னிக்குக் கொயாயில தண்ணி இருக்கணும். இல்லன்னா நான் இன்னான்னு பதில் சொல்லுவேன்?"

அன்று சாயங்காலம் எருமை ஏரிக்குப் போயிற்று. எல்லம்மாளே குழாய்க்குப் புதுக் கைப்பிடி கொண்டுவந்து மாட்டச் செய்தாள். யாராவது மூடாமல் போனால் வாயாலேயே வீடு வரைக்கும் துரத்தினாள். முனியன் மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தான். கல் ஐந்தாவது இடத்துக்கு வந்த அன்று அவனும் வண்டியை ஏரிக்கரைக்கு ஓட்டினான். கேட்டதற்கு, "அங்க நெழலா கீது" என்றான்.

ஆனாலும் வீணாய்ப் போனது போனதுதானே. குழவிக்கல் முதல் இடத்துக்கு வருவதற்கு முந்தின நாள் பெருமாள் கயிற்றை விட்டுப் பார்த்தார். மூன்று முடிச்சு. கிணற்று மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்தது.

மறுநாள் உச்சிக்குத் தெருவே வந்து நின்றது, குழாயை விட்டுப் பத்தடி தள்ளி. குழவிக்கல் குழாயின் நேர் கீழே இருந்தது. பக்கத்தில் குடமும் இல்லை, ஆளும் இல்லை. பெருமாள் போட்ட சட்டப்படி அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். எல்லாக் கண்ணும் அவர் மேல், ஆடி மாதத்தில் இருந்தது போலவே.

பெருமாள் வீட்டுக்குப் போனார். மூலையில் கவிழ்த்திருந்த பித்தளைக் குடத்தை நிமிர்த்தித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். போய் வால்வைத் திருகினார். குழாய் இருமியது. துரு துப்பியது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பிக்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அப்புறம் நூல் மாதிரி ஒரு தண்ணீர் இறங்கியது. பெருமாள் குடத்தைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குடம் நிறைய அரை மணி ஆயிற்று. தெருவில் ஒருவர் நகரவில்லை.

குடம் நிறைந்ததும் குழாயை மூடினார். "உன் மொறைதான். எடுத்துக்கோ" என்றார், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து.

அப்புறம் எல்லம்மாள் குடத்தோடு வந்து தன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். பின்னால் முனியன் பெண்டாட்டி. பிறகு ஒவ்வொரு வீடாக, இரவு வரைக்கும். அன்று வீட்டுக்கு ஒரு குடம்தான்.

அதற்குப் பிறகு கல் தானாக நகரவில்லை. ஆனால் வரிசையை யாரும் கலைக்கவும் இல்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அந்தத் தெருவில் முறைதான், வீட்டுக்கு நாலு குடம்தான், மூடிவிட்டுத்தான் போக வேண்டும். பெருமாள் சட்டத்தையும் மாற்றினார். குழவிக்கல்லுக்குத்தான் முதல் குடம். அன்றைக்கு வர முடியாதவர்கள், ஜுரத்தில் கிடப்பவர்கள், கிடப்பவர்களைப் பார்க்கப் போனவர்கள், யாராக இருந்தாலும் அவர்களுக்கு அது போகும். அந்தக் கோடையில், சித்திரை வெயிலிலும் அந்தக் குழாய் ஒருநாள்கூட நிற்கவில்லை. பாறைக்கிணறு மெல்ல ஊறித் தேறி, ஐந்து முடிச்சுக்குக் குறையாமல் நனைந்தது.

அந்த முதல் பித்தளைக் குடத்தை மட்டும் பெருமாள் யாருக்கும் கொடுக்கவில்லை. தட்டு போட்டு மூடி வீட்டு மூலையில் வைத்தார். விடிந்து பார்த்தால் ஒரு சாண் குறைந்திருந்தது. தரையில் ஈரமில்லை, குடத்தில் ஓட்டையில்லை. அவர் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. குறைந்த அளவுக்குத் தன் பங்குத் தண்ணீரிலிருந்து எடுத்து ஊற்றினார். மறுநாளும் ஒரு சாண் குறைந்தது.

தினம் ஊற்றினார். சாகிறவரைக்கும்.