விளக்கு எரியும் உறை

சமாதானம் வந்து, யுத்தத்தால் மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்த பிறகு, கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் விடுவதும், கூட்டுவதும், கதிரைகளில் படியும் செம்புழுதியைத் துடைப்பதும் என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். முதலாளி என்னைவிட இளையவர். ஒருநாள் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார்.

“அண்ணைக்கும் வாய் திறக்க வராது, இதுக்கும் வராது. நல்ல சோடி,” என்றார்.

வெளிநாட்டில் இருந்த ஊர்ச் சங்கம் ஒன்று இணையத்தளம் நடத்தியது. அந்தத் தளம் எங்கோ ஒரு தேசத்தில், எங்களில் யாரும் கண்டிராத ஓர் இயந்திரத்தில் இருந்தது. ஆனால் எங்கள் கடையில் உலாவியைத் திறந்து கடவுச்சொல்லை அடித்தால் அதற்குள் போய்விடலாம். அங்குள்ள கோப்புகளை இங்கிருந்தபடியே ஏற்றலாம், இடம் மாற்றலாம், அழிக்கலாம். கடவுச்சொல் அந்த ஊரின் பெயர்தான். ஊராருக்கு மறக்கக் கூடாது என்று அப்படி வைத்தார்களாம்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் மூன்று கோப்புறைகள் இருந்தன. கடையில் உறை என்றே சொல்வோம். எனக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. அதனால் மேலிருந்து எண்ணிப் பழகினேன். முதலாவது கோயில் படங்கள். இரண்டாவது இறந்தவர்கள். மூன்றாவது தேடப்படுகிறவர்கள். இரண்டாவது உறையில் எந்தப் படத்தைப் போட்டாலும் தளத்தில் அதன் கீழே தானாக ஒரு விளக்கு வரும். அதன் சுடர் அசைந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தில் வேலை செய்யும்போது நான் செருப்பைக் கழற்றி வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வட்டக்கச்சியில் இருந்து ஒரு பெண் தன் கணவரின் படத்தோடு வந்தார். கணவரும் அந்தச் சங்கத்தின் ஊர்க்காரர்தான். இடம்பெயர்ந்த காலத்தில் வவுனியாவுக்கென்று போனவர், ஏழு வருடமாகத் தகவல் இல்லை. படத்தின் ஒரு கரை கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கரையில் ஒரு சேலைத் தோள் கொஞ்சம் தெரிந்தது.

“மற்றப் பாதி நான்தான். என்னை ஒருத்தரும் தேடத் தேவையில்லையே, அதால வெட்டிப்போட்டன்,” என்றார்.

படத்தை மூன்றாவது உறையில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எண்ணியதில் பிழை விட்டுவிட்டேன் என்று பயந்து திரும்ப மூன்றாவதில் போட்டேன். மறுநாளும் அது இரண்டாவதில்தான் கிடந்தது. முதலாளியிடம் சொன்னேன்.

“அண்ணை எண்ணேக்க நித்திரை கொண்டிருப்பியள்,” என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வருவார். கணவர் உயிரோடு இருப்பதாக நம்பிக் குங்குமம் வைத்திருக்கும் பெண்ணுக்கு இதை எப்படிக் காட்டுவது? தளத்தைப் பார்க்கிற சொந்தக்காரர்கள் செத்தவீட்டுக்குச் சொல்வதுபோல அழுது தொலைபேசி எடுப்பார்கள். பிறகு அவருடைய நெற்றியை விடுவார்களா?

செவ்வாய் மத்தியானம் கடையில் ஒருவரும் இல்லை. படத்தைத் திரும்பவும் மூன்றாவது உறையில் போட்டு, அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். படம் இருந்தது. இன்னொருமுறை புதுப்பித்தேன். இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். அங்கே இருந்தது.

மவுசில் இருந்து கையை எடுத்தேன். தளத்துக்குள் நான் இருக்கிற இடத்திலேயே, இந்த நிமிடமே, இன்னொருவரும் இருந்தார். திரும்ப மாற்றினேன். திரும்ப எடுத்து வைத்தார். நான்கு தடவை அப்படி நடந்தது. ஒரு வீட்டில் நான் வைக்கும் பொருளை உருவம் இல்லாத ஒருவர் தூக்கி அடுத்த அறையில் வைப்பதுபோல இருந்தது.

பிறகு புதிதாக ஒரு வெற்று உறையை உண்டாக்கினேன். அதற்குப் பெயர் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன்: ‘அவர் உயிரோடு இருக்கலாம்.’ அறியாத ஒருவரிடம் நானாக முந்திக்கொண்டு பேசியது அதுதான் முதல் தடவை.

புதுப்பித்தேன். என் உறையின் பெயர் மாறியிருந்தது: ‘இருக்கிறேன். நான்தான் அவர்.’

‘எப்படி நம்புவது’ என்று பெயரை மாற்றினேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த உறைக்குள் ஒரு படம் வந்து விழுந்தது. திறந்தேன். இணைப்பு மந்தம் என்பதால் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. முதலில் படப்பிடிப்பு நிலையத்துத் திரைச்சீலை, பிறகு இரண்டு தலைகள். இடது பக்கம் அவர். வலது பக்கம், வெட்டுப்படாமல், வட்டக்கச்சிப் பெண்.

உறையின் பெயர் கடைசியாக ஒருமுறை மாறியது: ‘இங்கே எனக்குக் குடும்பம் இருக்கிறது. விளக்கிலேயே விடுங்கள்.’ அடுத்தமுறை புதுப்பித்தபோது அந்தப் பெயரும் அழிந்து வெறும் இலக்கம் ஆனது. படம் மட்டும் உள்ளே கிடந்தது.

வெள்ளிக்கிழமை வரை அந்த உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முழுப் படத்தை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றும் நினைத்தேன்.

அந்தப் பெண் வந்து கதிரையில் இருந்தார்.

“என்ன அண்ணை, ஆள் இருக்கிறாரோ? ஓடிப்போகேல்லைத்தானே?” என்று வழக்கம்போலப் பகிடி விட்டார்.

முழுப் படத்தைத் திறந்து காட்டினேன். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

“இது ரெண்டு பிரதி எடுத்தனாங்கள். ஒண்டு என்னட்டை, மற்றது அவற்றை பொக்கற்றுக்குள்ள இருந்தது. ஆர் அனுப்பினது?”

“அவர்தான், தங்கச்சி.”

“என்ன சொல்லுறார்?”

“அங்க ஒரு குடும்பம் இருக்காம். தன்னை விளக்கோடயே விடட்டாம்.”

அவர் அழவில்லை.

“செத்தவர் கெட்டிக்காரர். கொம்பியூட்டரும் பழகியிட்டார்.”

பிறகு, வெட்டின படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

“இந்தப் படத்தை நான் என்ரை கையால வைக்கலாமோ?”

மவுசைக் கொடுத்தேன். எதைப் பிடித்து எங்கே இழுப்பது என்று காட்டினேன். அவர் இரண்டாவது உறைக்கு மேலே கொண்டுபோனதும் எனக்குத் திடுக்கிட்டது.

“தங்கச்சி, அதில நீங்களும் நிக்கிறியள்.”

“ஓம், தெரியும்,” என்றபடி விரலை எடுத்தார்.

தளத்தைத் திறந்தேன். இரண்டு பேருக்கும் கீழே ஒரு விளக்கு வந்து எரிந்தது. அவர் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். குங்குமம் நெற்றியில் அப்படியே இருந்தது.

கணவர் உள்ளே வந்து அந்தப் படத்தை எடுத்துவிடுவார் என்று பல நாள் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். அந்த உறைக்குள் அதன்பிறகு யாருடைய கையும் அசையவில்லை.

சனிக்கிழமைகளில் கடை வாசலில் நின்றால் அந்தப் பெண்ணைச் சந்தையில் காண்பேன். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை பேசிக்கொண்டு நிற்பார். அப்போது நான் உள்ளே போய், அவருக்குக் கீழே விளக்கு எரியும் தளத்தைத் திறப்பதில்லை.