கிரானடாவுக்கு இரண்டு நாள்

கன்டோன்மென்டில் நோயாளியான ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு நான் நர்ஸாக இருந்தேன். ராப்பகலாகப் பார்த்து ஓய்ந்துபோயிருந்த என்னை லண்டனுக்கு உடன் அழைத்துப் போவதாகச் சொன்னார். கப்பல் ஜிப்ரால்டரில் நிற்கும்போது இறங்கி, ஸ்பெயினில் கிரானடா அரண்மனையை இரண்டு நாள் சுற்றிப் பார்க்க ஏற்பாடு. எனக்கென்று வந்த முதல் விடுமுறை அது.

பிரேசர் டவுன் மடத்தில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீ கிரானடாக்காரர். ஞாயிறுதோறும் போய், எங்கே தங்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று கேட்டுக்கொள்வேன். "அரண்மனை மேட்டுல ஏறினா மூச்சு வாங்கும், மெதுவா போ," என்பார்.

ஒரு நாள் அம்மாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்கே சண்டை. கிரானடா கிடையாது," என்றார். அழுகையோடு மடத்துக்குப் போனேன்.

"எல்லாம் போச்சு சிஸ்டர்! ஸ்பெயின்ல சண்டையாம்."

"யாரோட?"

"அவங்களுக்குள்ளயேதான். பட்டாளத்துக்கும் தொழிலாளர் கட்சிக்கும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். "என் தம்பிங்க ரெண்டு பேர். ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான். இன்னொருத்தன் தொழிலாளர் கட்சி."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து, "உனக்கு லீவு போச்சே, பாவம்," என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவருக்கு ஊரிலிருந்து சேதி எதுவும் வரவில்லை. இப்போதெல்லாம் எங்கே சண்டை என்று படித்தாலும், அங்கே யாருடைய தம்பி இருக்கிறானோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.