மின்மினிக்குத் தைத்த உறை

சீட்டுக்காரர் என்றதும் யாரும் சீட்டாடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கார்களுக்கு சீட்டுத் தைப்பவர். மாமனாரே முதலில் ஏமாந்து, சூதாடிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று குதித்தவர்தான். கடைக்கு வந்து தையல் மெஷினையும் ரெக்ஸின் சுருள்களையும் கண்ணால் பார்த்த பிறகுதான் மனுஷர் அடங்கினார்.

எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் உறை தைத்தாக வேண்டும் இவருக்கு. வீட்டில் ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கே தனியாக ஓர் உறை. இனி நான் ஒருத்திதான் பாக்கி என்று மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனால் அவர் போட்டதிலேயே பெரிய உறை ஒரு பொய்யின் மேல் கிடந்தது. அது அவளுக்குத் தெரியாது.

மகள் பிறந்த நாளில் நடந்த கூத்து அது. மனைவி ஆஸ்பத்திரியில் வலியில் துடிக்க, இவர் பிளாஸ்க் எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் ஒரு வாடிக்கையாளர், ஊருக்கு வெளியே கோழிப்பண்ணையில் ஒரு பழைய மின்மினி கார் நிற்கிறது என்றார். அவ்வளவுதான், பிளாஸ்க்காவது ஒன்றாவது! கம்பெனி எப்போதோ கைவிட்ட மாடல். தேடினாலும் கிடைக்காது. போய்ப் பார்த்தால், உருண்டைக் கண்ணும் தவளை மூஞ்சியுமாக அது நிற்க, பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இவர் விலைக்குக் கேட்டுக் கெஞ்சினார். கோழிகளை என் கட்டிலில் படுக்கவைக்கட்டுமா என்று பண்ணைக்காரர் விரட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் குழந்தை பிறந்தாயிற்று. பைக் பஞ்சர் என்றார். செல்லமாக என்ன கூப்பிடலாம் என்று மனைவி கேட்டதும் "மின்மினி" என்று வாய் தானாக உளறிவிட்டது. ஏன் என்றாள். கண் மின்னுகிறதே என்று சமாளித்தார். அவள் உருகிப்போனாள். கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷர் வாயிலிருந்து வந்த ஒரே அழகான வார்த்தை அது. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

மகள் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் பண்ணை நொடித்தது. வந்து எடுத்துக்கொண்டு போ என்று ஆள் அனுப்பினார் பண்ணைக்காரர். வீட்டுக்கு இழுத்துவரும் முன்பே, காரின் முதுகிலிருந்த பெயரெழுத்துகளைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் ஒளித்தார் சீட்டுக்காரர். எழுத்து போனால் என்ன? சுற்றிலும் பெயிண்ட் வெளுத்திருக்க, எழுத்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று 'மின்மினி' என்றது. சீட்டுத் தைப்பவருக்குப் பெயிண்ட் சங்கதி என்ன தெரியும், பாவம். தெரிந்தது ஒன்றுதான். காரின் முதுகுக்கு ஓர் உறை தைத்துப் போட்டார். பின்பக்கத்துக்கு வெயில் ஆகாது என்றார். மனைவி அந்தக் காருக்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்தாள். இவரும் நிம்மதியாக அதைப் பழுதுபார்த்து ஓடவைத்தார்.

அப்போதுதான் கம்பெனி கெடுத்தது. பழைய பெயரிலேயே புதுக் கார் விடுகிறார்களாம். பேப்பரில் முழுப்பக்க விளம்பரம்: 'மின்மினி மீண்டும் வருகிறாள்!' படத்தில் பீரோ மாதிரி ஒரு வண்டி, ஓரத்தில் பழைய தவளை மூஞ்சி. பழைய மின்மினி வைத்திருப்பவர்கள் அதை ஷோரூமுக்குக் கொண்டுவரலாம் என்று அழைப்பு வேறு.

மனைவி பேப்பரோடு வாசலுக்குப் போனாள். காரின் உறையைத் தூக்கினாள். படித்தாள்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"அப்போ கண்ணு மின்னல?"

இனி இவள் தன்னை ஜென்மத்துக்கும் நம்பமாட்டாள் என்று பயந்தார் சீட்டுக்காரர். பயத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். பஞ்சர் பொய்யும் சேர்ந்து வெளியே வந்தது.

"நான் அங்க உயிர் போற மாதிரி கத்துறேன், நீங்க கோழிப்பண்ணையில நின்னீங்களா?"

"நின்னேன். கிடைக்கலையேன்னு வருத்தத்தோடதான் வந்தேன். இவளைப் பார்த்ததும் அந்தக் காரே மறந்துபோச்சு. பேரு மட்டும் வாயில மிச்சம் இருந்துச்சு. அப்புறம் பண்ணைக்காரரா கூப்பிடற வரைக்கும் நான் அந்தப் பக்கமே போகலம்மா."

அன்று அவருக்குச் சாப்பாடு மகள் கையால்தான் வந்தது. மறுநாள் காலை பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் நங்கென்று வைத்தாள் மனைவி.

"எழுத்தை மாட்டுங்க. போலாம்."

ஷோரூமில் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் புது மின்மினி மினுக்கிக்கொண்டு நின்றது. கோழிக்கூண்டு புகை கக்கியபடி வாசலில் போய் நின்றதும், விற்பனைப் பெண் ஓடிவந்து, இதுதான் எங்கள் மின்மினிக்கு அம்மாவா என்று கொஞ்சினாள்.

சீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். மகளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவதான் மின்மினி. இந்தக் காரு இவளுக்கு அக்கா." கண்ணாடிக்குள் நின்ற பீரோவை ஏற இறங்கப் பார்த்தாள். "அது யாரோ. பேரு மட்டும் ஒண்ணு."