இரவல் சேணம்

சனிக்கிழமை காலையில் ஏலக் கொட்டகைக்குக் குதிரைகளை ஏற்றி வரும் வண்டிகளை வெர்லீன் ஹாக்ஸ்டன் வாசலிலேயே மறிக்கிறார். பின்கதவின் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார். பிறகு ஓட்டி வந்தவரிடம் கேட்பது ஒன்றுதான்: "சேணம் எங்க?"

கொண்டுவரவில்லை என்று பதில் வந்தால், தன் பிக்கப் வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு பழைய சேணத்தைத் தூக்கி வருகிறார். அறுபதைத் தாண்டிவிட்டார். வலது முழங்கால் சரியாக மடங்காது. உதவப் போனால், "தள்ளி நில்லு, எனக்கும் ரெண்டு கை இருக்கு" என்பார்.

எங்கள் பக்கத்து ஏலத்தில் வழக்கம் அப்படி. ஆள் ஏறி ஓட்டிக் காட்டும் குதிரையைச் சவாரிக்கு வேண்டியவர்கள் கேட்பார்கள். வெறும் முதுகோடு ஏல வளையத்துக்குள் விரட்டிவிடப்படுவது எடைக்குப் போகும். எடைக்கு வாங்குபவர் லோனி ப்ரூயிட். அவருடைய லாரி அன்றைக்கே மெக்சிகோ எல்லையைப் பார்த்துக் கிளம்பிவிடும். அந்தப் பக்கம் போனால் கறிதான். "சேணம் வெச்சா குதிரை, வெக்காட்டி கறி. புரியுதா?" என்று வெர்லீன் வாரைப் பூட்டியபடியே சொல்வார்.

இரவலுக்குக் கூலி உண்டு. குதிரைக்காரர் அங்கேயே நின்று, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கர்ட்டிஸ் வேலின் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். சனிக்கிழமை அங்கே யாரும் எடுப்பதில்லை. இயந்திரம் பதிவு செய்துகொள்ளும். குதிரைகளைக் கொலைக்கு விற்பதைத் தடுக்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொன்னால் போதும். வெர்லீன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். "ஊர்ப் பேரைச் சொல்லுப்பா. ஊர் தெரியாட்டி உன்னை எவன் மதிப்பான்?"

ஓட்டிக் காட்ட ஆளில்லாவிட்டால் தானே ஏறிவிடுவார். வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிற அம்மாள், முன்பின் தெரியாத குதிரையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து வளையத்துக்குள் வருவார். பெஞ்சுகளில் சிரிப்பு எழும். லோனி வாயில் கைவைத்துக் கூவுவார்: "மிஸ் வெர்லீன், உங்களையும் சேத்து எடை போட்டுடலாமா?"

"போடுடா. என்னைத் தின்னா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தனுக்கும் செரிக்காது."

மதியம் இருவரும் கொட்டகைச் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவார்கள்.

"நான் வாங்காட்டி இந்தக் கெழடுகளை எல்லாம் யாரு வெச்சுத் தீனி போடறது? ஊசி போட்டுக் கொல்ல டாக்டர் கேக்கற காசு, குழி தோண்ட மெஷின்காரன் கேக்கற காசு, எல்லாம் யாரு தருவா?"

"நியாயமான கேள்வி. அதுக்கு ஒரு நிதி வைக்கணும்னு மசோதாவுலயே இருக்கு. படிச்சியா?"

"எனக்கு எங்க நேரம்?"

"இப்ப மூணாவது ரொட்டிய எடுக்க நேரமிருக்குல்ல?"

மார்ச் மாதத்தில் மசோதா மாநிலத் தலைநகர் ஓக்லஹோமா சிட்டியில் சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. வெர்லீனின் வண்டியில்தான் நானும் போனேன். எதிர்த்துப் பேச வந்திருந்த லோனி, இஸ்திரி போட்ட சட்டையில் எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழு சரிபாதியாகப் பிரிந்திருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லாதிருந்தவர் கர்ட்டிஸ் வேல் ஒருவர்தான். மாடு வளர்ப்பவர். வெர்லீனின் கணவர் ஓரனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

வெர்லீன் தட்டச்சு செய்து கொண்டுவந்ததைப் படித்து முடித்தார். வேல் மைக்கை இழுத்துக்கொண்டார். "வெர்லீன், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தலையே. விக்கிறவங்க தெரிஞ்சுதானே விக்கிறாங்க?"

வெர்லீன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தெரியல, கர்ட்டிஸ். ஓரன் இறந்த வருஷம் அவரு குதிரையை வித்தேன். டின்கர், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏலத்துக்குக் கொண்டுபோனப்ப சேணத்தை வீட்டுலயே வெச்சுட்டேன். அவரு உக்காந்து உக்காந்து அதுல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதையும் குடுக்க மனசு வரல. வெறும் முதுகோட உள்ள விட்டேன். யாரு எடுத்தாங்கன்னுகூட நின்னு பாக்கல. யாரோ நல்லவங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். வெறும் முதுகோட விட்டா என்ன அர்த்தம்னு தீவனக் கடையில பேச்சுவாக்குல காதுல விழுந்தப்பதான் புரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

இத்தனை வருடங்களில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஏலத்தில் ஏன் நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வீட்டுல டிவி ரிப்பேர்" என்பார்.

பெயர் வாசித்து ஓட்டுக் கேட்டார்கள். தன் பெயர் வந்தபோது வேல் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி "எதிர்ப்பு" என்றார். அந்த ஒரு ஓட்டில் மசோதா விழுந்தது. இனி அடுத்த வருடம்தான்.

வெர்லீன் நேரே வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பிய பிறகு, "வர்ற தேர்தல்ல ரெண்டு பேரு மாறுவாங்க. வேற கமிட்டி" என்றார். பெல்ட்டை மாட்டினார். அதற்குள் லோனி வாகனங்களுக்கு நடுவே வேகமாக வருவது தெரிந்தது. தொப்பி கையில் இருந்தது. வெர்லீன் கண்ணாடியை இறக்கினார்.

"ஜெயிச்சுட்டல்ல, போய் நல்லாச் சாப்பிடு."

லோனி சிரிக்கவில்லை. "மிஸ் வெர்லீன், அந்த வருஷம் வெறும் முதுகோட வந்த செவலைக் குதிரை... நெத்தியில வெள்ளை, இடது காது நுனி கிழிஞ்சிருக்கும். அதானே?"

வெர்லீன் தலையசைத்தார்.

"ஏலச் சீட்டுல நம்பர் மட்டுந்தான் இருந்தது. உங்களுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆனா அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க போச்சு, என்ன ஆச்சு, எல்லாம். கேட்டா சொல்றேன். வேணாம்னா இப்பவே போயிடறேன்."

அத்தனை சனிக்கிழமைகள் ஒரே மேசையில் சாப்பிட்டும் வெர்லீன் அவரிடம் கேட்காத கேள்வி அது. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற கார் ஒலியெழுப்பியது. வெர்லீன் முன்கண்ணாடி வழியாக நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.