பிரேக்கில் என் கால் இல்லை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று வண்டியில் என்னோடு இருந்த என் மைத்துனன் இன்றும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அவனுடைய வலது காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இன்னொரு விஷயம். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்த ஒரு பிற்பகலில் நடந்தது.

நான் கார் மெக்கானிக். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் மட்டும்தான் பார்ப்பேன். பதினாறு வருட அனுபவம், அதற்கேற்ற தலைக்கனமும் உண்டு. அன்று காலை ஒரு நர்ஸ் அக்கா சாம்பல் நிறக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். பழைய வண்டி, கைமாறி வந்தது. டிக்கிப் பக்கம் மட்டும் பெயிண்ட் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தது.

"ஊருக்குள்ள நல்லா ஓடுதுண்ணே. மெயின் ரோட்டுல தொண்ணூறுல போனா ஒரு நொடி தயங்குது. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். கியர் பாக்ஸையே மாத்தணும்கறாங்க."

"அவங்க கிடக்கறாங்க. நான் பாக்கறேன்."

"நாளைக்குக் காலையில பொண்ணை ஹாஸ்டல்ல விடணும். அதே ரோடுதான். வழியில ஏதும் ஆயிடாதே?"

"நான் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன். சரின்னு நான் சொன்னாத்தான் எடுக்கறீங்க."

வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கோளாறை நிறுத்தி வைத்துப் பார்த்தால் பிடிபடாது. ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி சீரான வேகத்தில் போகும்போது, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரு கிளட்ச் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி விட்டால் வண்டி லேசாக உதறும், எஞ்சின் சுற்று முந்நூறு ஏறும். டிரைவர் பிரேக்கைத் தொட்டாலே போதும், பிடி விட்டுவிடும். அது இயல்பு. தொடாமலே விட்டால் கோளாறு.

மதியம் 2.50-க்குத் தனியாக முதல் ஓட்டம் போனேன். தொண்ணூறில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் அசையாமல் நின்றது. மஞ்சள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு சிறிய பாலம் வந்தது. அங்கே வண்டி உதறியது. முள் ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து மைத்துனனைப் பிடித்தேன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, மடியில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைக் கொடுத்தேன். திரையில் வருவதை அவன் வாசிக்க வேண்டும், நான் ஓட்ட வேண்டும்.

3.35. அதே தண்ணீர்த் தொட்டி. அதே பாலம். அதே உதறல்.

"என்ன வந்துச்சு?"

"பிரேக் சுவிட்ச், ஆன். ரெண்டு செகண்ட்." அவன் சிரித்தான். "மாமா, பிரேக்ல கால வெச்சுக்கிட்டு கியர் பாக்ஸைத் திட்டறீங்களா?"

என் கால் பிரேக்கில் இல்லை. ஆக்ஸிலேட்டரில் இருந்தது. எனக்குத் தெரியாதா என் கால் எங்கே இருக்கிறது என்று?

சரி, சுவிட்ச்தான் பொய் சொல்கிறது. பெடலை மிதித்தால் பின் விளக்கை எரிய வைக்கும் சிறிய சுவிட்ச் அது. கியர் பாக்ஸுக்கும் தகவல் சொல்வது அதுதான். பாலத்து மேட்டில் குலுங்கி ஒட்டிக்கொள்கிறது போல. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தூரத்தில் போய்த் திருப்பி, மறுபடி தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வந்து ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல், குனிந்து, அந்தச் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டேன். இப்போது உதறல் வராவிட்டால் சுவிட்ச்தான் குற்றவாளி. இது என் பழைய வழக்கம். பின் விளக்கு எரியாதுதான். ஒரே ஒரு ஓட்டம்தானே என்று நினைத்தேன்.

4.11-க்குக் கிளம்பினோம். கண்ணாடியில் தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது.

தொண்ணூறு. தண்ணீர்த் தொட்டி போயிற்று. பாலம்.

உதறல் இல்லை.

"பாத்தியா? சுவிட்ச்தான்டா!"



அவனைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்கேனரைப் பார்க்காமல் கீழே தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா... என் கால் மேல யாரோ கால வெக்கிறாங்க."

"என்ன உளறுற?"

"அமுக்கறாங்க மாமா..."

டக்.

என் கால் பக்கத்திலிருந்து சத்தம். குனிந்து பார்த்தேன்.

பிரேக் பெடல் தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

மெதுவாக... நிதானமாக...

என் கால் அதில் இல்லை.

"மாமா!"

டயர் கிறீச்சிட்டது.

வண்டி நடுரோட்டில் நின்றது.

பின்னால் ஹாரன்.

லாரி!

பின் விளக்கு எரியவில்லை. நாங்கள் நின்றது லாரிக்காரனுக்குத் தெரியாது...

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். நகரவில்லை. பெடலுக்கு அடியில் காலை விட்டு மேலே நெம்பினேன். வரவில்லை. மேலே கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

ஹாரன் காதைக் கிழித்தது.

"விடுங்க... விடுங்க..." யாரிடம் கெஞ்சினேன் என்று இன்றுவரை தெரியாது.

பெடல் மேலே வந்தது.

வண்டி பாய்ந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். லாரி ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. மண் மேட்டில் போய் நின்றோம்.

மணி 4.17.

எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்தார். எங்களை இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். பாதியை என் சட்டையில்தான் கொட்டிக்கொண்டேன். பயந்தேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"புண்ணியம் பண்ணியிருக்கீங்க," என்றார். "நான் கடை தொறந்த அன்னிக்கு இதே எடத்துல ஒருத்தர் போயிட்டாரு. டிரைவிங் ஸ்கூல் வண்டி. வெள்ளைக் கார். குறுக்க ஆடு வந்துச்சு. கத்துக்க வந்த பொண்ணு பதறிடுச்சு. மாஸ்டர்தான் பக்கத்து சீட்ல தனக்குன்னு இருந்த பிரேக்கை அமுக்கினாரு. வண்டி நின்னுச்சு. பின்னால வந்த லாரி நிக்கல."

"ஏன்?"

"காருக்குப் பின்னால லைட்டே எரியலன்னு லாரிக்காரன் தலைல அடிச்சுக்கிட்டு அழுதான். பொண்ணு பொழைச்சுடுச்சு. மாஸ்டர் கால் மட்டும் அந்த பிரேக்லயே இருந்துச்சு. எடுக்கவே முடியல."

"எப்ப நடந்துச்சு?"

"மார்ச் பதினொண்ணு. ஆறு வருஷம் ஆச்சு. சாயங்காலம் நாலேகால் இருக்கும்."

ஒயரை மாட்டினேன். விளக்கு எரிகிறதா என்று மைத்துனனை நிறுத்தி மூன்று முறை பார்த்தேன். நாற்பதுக்கு மேல் போகாமல் ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தோம். அவன் செருப்பைக் கழற்றினான். வலது பாதத்தின் மேல் சிவப்பாக நான்கு கோடுகள். ஷூவின் அடிப்பாகம் பதிந்த மாதிரி. இப்போது கறுத்துவிட்டன, மறையவில்லை.

பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினேன். தகரத்தில் நான்கு ஓட்டைகள், பெடல் பொருத்தி எடுத்த அடையாளம். கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டியின் பழைய நிறம் தெரிந்தது.

வெள்ளை.

6.05-க்கு நர்ஸ் அக்கா போன் செய்தார்.

"அண்ணே, காலையில எடுக்கலாம்ல?"

"பத்து நிமிஷத்துல சொல்றேம்மா."

வண்டியின் பழைய கதை ஏதாவது கிடைக்குமா என்று டேஷ்போர்டுப் பெட்டியைக் குடைந்தேன். காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் பழைய சர்வீஸ் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் முத்திரை. புரட்டினேன். கடைசிப் பதிவு, மார்ச் 11. 'தொண்ணூறில் தயக்கம். ரோட்டில் ஓட்டிச் சோதித்தது. வண்டி ஒப்படைத்த நேரம்: பிற்பகல் 1.30.'

அந்தக் கையெழுத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

அது என்னுடையது.

அப்போது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். எந்த முகமும் நினைவில்லை, எந்த வண்டியும் நினைவில்லை. சோதித்து முடித்ததும் ஒயரைத் திரும்ப மாட்டுவேன். அன்றைக்கும் மாட்டியிருப்பேன்...

போனை எடுத்தேன்.

"கியர் பாக்ஸ்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இந்த வண்டியை எடுக்காதீங்க. நாளைக்கு உங்களையும் பொண்ணையும் என் வண்டியில நானே கொண்டுபோய் விடறேன்."

ஏன் என்று கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பக்கத்தின் அடியில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. வண்டியைக் கொடுக்கும் முன் சரிபார்த்து ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். ஏழு கட்டங்களில் என் டிக் இருந்தது.

எட்டாவது கட்டம், 'பின் விளக்குகள்'.

அது காலியாக இருந்தது.